சேலம் சீமையில் சுல்தானும் கம்பெனியும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



நம் சேலம், நாமக்கல் சீமையின் சரித்திரத்தைப் பற்றி இரண்டு கதைகள் ஊரில் உலவுகின்றன. "துலுக்க ராஜ்யத்தில் கொள்ளையும் கொலையும்தான், வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் ஜனங்கள் நிம்மதியாகக் கஞ்சி குடித்தார்கள்" என்பது ஒரு கதை. இதைப் புத்தகத்தில் முதலில் எழுதி வைத்தவன் அந்த வெள்ளைக்காரனேதான். தன் கடைச் சரக்கைத் தானே மெச்சிக்கொண்டான். "சுல்தான் காலம் பொற்காலம், அப்போது ஏழை என்று ஒருவனும் இல்லை" என்பது மற்றொரு கதை. இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனசோடு சொல்கிறார்கள். ஆனால் நல்ல மனசு மட்டும் இருந்தால் சரித்திரம் ஆகிவிடாது.

இரண்டு கதையிலும் ஒரு ஆளைக் காணோம். ஏர் பிடித்தவனைக் காணோம், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவனைக் காணோம், உலைக்குத் துருத்தி மிதித்தவனைக் காணோம். அந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் இன்று நாம் பழைய காலத்துக்குள் போகிறோம்.

எங்கே தேடுவது? கோட்டைக்குப் போகும் முன்னால் நம் வாயிலேயே தேடிப் பார்க்கலாம். தாலுகா, ஜில்லா, தாசில்தார், வசூல், கிஸ்தி, பாக்கி, ஜப்தி, ஜாமீன், ரசீது, மகசூல், இனாம், வாரிசு, வக்கீல், அசல், நகல். இவையெல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த சொற்கள். நம் பாட்டிமார் பேசினார்கள், நாமும் பேசுகிறோம். கம்பெனிக்காரன் வந்தபோது இந்தச் சொற்களை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? பழைய சர்க்கார் எந்தச் செக்கில் குடியானவனை ஆட்டியதோ, அதே செக்கு அவனுக்கும் தேவைப்பட்டது. செக்கை வைத்துக்கொண்டு மாட்டுக்காரனை மட்டும் மாற்றினான். இன்றைக்கும் ரெவின்யூ கணக்கு பசலி ஆண்டில்தான் ஓடுகிறது. பசலி என்றால் அறுவடையை ஒட்டிய ஆண்டு. அக்பர் பாதுஷா காலத்து ஏற்பாடு. கிறிஸ்து ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2025 ஜூலை முதல் தேதி பிறந்தது பசலி 1435. பட்டா கேட்டு ஜமாபந்திக்கு மனுவோடு போய் நிற்கிறோமே, அப்போது ஒரு பாதுஷாவின் பஞ்சாங்கத்தின் கீழேதான் நிற்கிறோம்.

இஸ்லாம் தமிழ்நாட்டுக்கு வாளோடு வந்தது என்று சொல்கிறார்கள். வாளும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 1311ல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து சூறையாடினான். அந்த நூற்றாண்டிலேயே மதுரையில் சில பத்தாண்டுகள் ஒரு சுல்தான் ஆட்சியும் நடந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே கப்பலில் சரக்கோடு வந்துவிட்டது இஸ்லாம். பாண்டிய ராஜாக்களுக்குக் குதிரை வேண்டும்; நம் ஊரில் நல்ல குதிரை பிறப்பதில்லை. அரபு தேசத்திலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை இறங்கியதையும், அதற்கு ராஜாக்கள் பொன்னாய்க் கொட்டிக் கொடுத்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கரையில் மரக்கலம் ஓட்டியவர்களுக்கு மரைக்காயர் என்று பெயர் நின்றது. குதிரையோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு ராவுத்தர் என்று பெயர் நின்றது. தமிழே தாய்மொழியாகக் கொண்ட ஜனங்கள் இவர்கள். நம் பக்கத்தில் உருது பேசுகிற குடும்பங்களும் உண்டு. அவர்களில் பலருடைய முன்னோர்கள் மைசூர்ப் படையோடும் தக்காணத்துப் படைகளோடும் வந்து தங்கியவர்கள். சிப்பாயாய் வந்து, பட்டாளம் கலைந்தபின் பீடி சுற்றியும், தோல் பதனிட்டும், வண்டி ஓட்டியும் பிழைத்தார்கள். நவாபு வம்சம் என்று அவர்களை யாராவது ஏசினால், நவாபு வீட்டுக்காரன் ஏன் பீடி சுற்றுகிறான் என்று கேளுங்கள்.

நம் சீமையை மைசூர்க்காரன் பிடித்தது ஐதர் அலி காலத்தில் அல்ல, அதற்கும் முன்பே. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கருக்கு அடங்கி, தாரமங்கலத்துக் கட்டி முதலிகள் இங்கே பாளையம் ஆண்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் மைசூர் ராஜா சிக்கதேவராயர் இந்த நாட்டைப் பிடித்தார். அவர் வைணவர், கோயிலுக்குக் கொடை கொடுத்தவர். குடியானவனிடம் கசக்கி வரி வாங்கியவரும் அவரே. ஐதர் அலி மைசூரில் அதிகாரத்தைக் கைப்பற்றியது 1761ல். அதற்கு முன் ஏறக்குறைய எழுபது வருஷம் இந்து ராஜாவின் ஆள்தான் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நெல்லும் பணமும் கட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தான். ராஜா மாறினார், மதம் மாறியது; களத்து மேட்டில் நின்று சர்க்கார் பங்கை அளந்தவன் மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஐதர் சாதாரணச் சிப்பாய்க் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்துப் படிக்காதவர். ஆனால் வெள்ளைக்காரன் வெறும் வியாபாரி அல்ல, நாட்டை விழுங்க வந்தவன் என்று கண்டுகொண்டவர். 1768ல் கம்பெனிப் பட்டாளம் சேலம், நாமக்கல், ஈரோடு என்று கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு போயிற்று. அந்த வருஷக் கடைசிக்குள் ஐதர் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார். 1769ல் சென்னைப் பட்டணத்து வாசலுக்கே போய் நின்று கம்பெனியிடம் கையெழுத்து வாங்கினார். அவர் மகன் திப்பு அந்தச் சண்டையைத் தொடர்ந்தார். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டு வாணங்களை மைசூர்க்காரர்கள் பட்டாளத்தின் மேல் ஏவினார்கள். பின்னால் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்துத்தான் தம் ராக்கெட்டைச் செய்தார்.

திப்பு இன்னும் சில காரியங்கள் செய்தார். வரியைக் குத்தகைக்கு விடுவதைக் குறைத்துச் சம்பள உத்தியோகஸ்தர்களை வைத்தார். ஏரும் மாடும் வாங்கக் குடியானவனுக்குத் தக்காவிக் கடன் கொடுக்கச் சொன்னார். மைசூரில் பட்டுப் பூச்சி வளர்ப்புக்கு வழி செய்தார். சாராயத்தைத் தடுத்தார். அவருக்குப் பின் வந்த கம்பெனியோ சாராயத்தை ஏலம் போட்டு, அப்காரி என்று பெயர் வைத்துக் கஜானாவை நிரப்பியது. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக நம் சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கு வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கலாம்.

நாம் திப்புவுக்குப் பல்லக்குத் தூக்க வரவில்லை. குடகிலும் மலபாரிலும் அவர் ஜனங்களைப் பலவந்தமாக மதம் மாற்றியதும், கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்துப் போனதும் நடந்த காரியங்கள். 1780ல் ஐதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமையில் இறங்கியபோது எரிந்தவை ஏழைகளின் குடிசைகளே. அதே திப்பு, 1791ல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, அதைச் சீர்செய்யப் பணமும் பொருளும் அனுப்பினார். கொள்ளையடித்தது இந்துப் படை; கொடுத்தது முஸ்லிம் சுல்தான். இரண்டு பக்கமும் ராஜ்யத்தின் லாப நஷ்டம் பார்த்துத்தான் காரியம் நடந்தது. மதம் சட்டையாக இருந்தது, உடம்பு வேறு.

1792ல் மூன்றாவது மைசூர் யுத்தம் முடிந்தது. சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு தம் ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தார். 3 கோடியே 30 லட்ச ரூபாய் அபராதமும் ஒப்புக்கொண்டார். பணம் கட்டும் வரை சிறு பையன்களான தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக அனுப்பினார். அப்போது கை மாறியதுதான் நம் சேலமும் நாமக்கல்லும், அதோடு பாராமகாலும். பாரா என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைச் சீமை அது, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். நம்மை யாரும் கேட்கவில்லை. அடமானம் வைத்த பாத்திரம் கடை மாறுவது போல நாடு மாறியது. ஓசூர்ப் பக்கம் 1799ல், சீரங்கப்பட்டணத்தில் திப்பு மே 4ஆம் தேதி சண்டையிலே மடிந்த பிறகு, கம்பெனிக்குப் போயிற்று.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தியா முழுவதற்கும் பெரிய விஷயம் ஒன்று நம் ஊரில் ஆரம்பமாயிற்று. அலெக்சாண்டர் ரீட் என்ற பட்டாளத்து அதிகாரியை இந்தச் சீமைக்கு அதிகாரியாகப் போட்டார்கள். அவருக்கு உதவியாக மூன்று பேர்: வடக்கே கிரகாம், நடுவே தாமஸ் மன்றோ, தெற்கே நம் பக்கத்துக்கு மக்லியாட். இவர்கள் சங்கிலி பிடித்து வயல் வயலாக அளந்தார்கள். இது நஞ்சை, இது புஞ்சை, இது தோட்டக்கால் என்று பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு பணம் என்று தீர்வை எழுதினார்கள். நடுவே ஜமீன் இல்லை. சர்க்காரும் ரயத்தும் நேருக்கு நேர். இதுதான் ரயத்துவாரி. பின்னால் மன்றோ சென்னை மாகாணத்துக் கவர்னர் ஆனார், 1827ல் காலராவில் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருடைய குதிரைச் சிலை சென்னையில் நிற்கிறது. அவர் தொழில் கற்றது நம் மண்ணிலே.

இதை நல்ல ஏற்பாடு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஜமீனைவிட நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ரீட்டும் மன்றோவும் போன பிறகு கம்பெனி வங்காளத்தைப் பார்த்து 1802 முதல் இந்த ஜில்லாவை மிட்டா மிட்டாவாகக் கூறுபோட்டு ஏலம் விட்டது. மிட்டாதார்களில் பலர் தீர்வை கட்ட முடியாமல் கவிழ்ந்தார்கள். அந்த நிலம் திரும்ப ரயத்துவாரிக்கு வந்தது. மிஞ்சியிருந்த மிட்டாக்களும் ஜமீன்களும் 1948ஆம் வருஷச் சட்டத்தால்தான் ஒழிந்தன.

ஆனால் ரயத்துவாரியில் ரயத்து யார்? கணக்கில் பெயர் ஏறியவன். பண்ணையில் பரம்பரையாய் உழைத்தவன், சேரியிலிருந்து வந்து நாற்று நட்டவள், ஏற்றம் இறைத்தவன், இவர்கள் பெயரைக் கர்ணம் எழுதவில்லை. வெள்ளைக்காரத் துரை சங்கிலி பிடிக்கச் சொன்னபோது, அந்தச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாய் நடந்தவர்களில் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். நிலம் அளக்கத் தோள் வேண்டியிருந்தது. பட்டாவில் எழுதப் பெயர் வேண்டியிருக்கவில்லை. அந்த வயல்களில் கூலிக்கு அறுக்கிற நமக்கு இன்னும் நிலம் இல்லையே, அதன் வேர் இங்கே இருக்கிறது. சாதியும் அதற்கு முன்னாலிருந்தே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தது. துரை அதை முத்திரை குத்தி நிரந்தரமாக்கினான்.

பெயர் ஏறியவன் பாடும் சுகமாய் இல்லை. தீர்வை பணமாகக் கட்ட வேண்டும். கிஸ்தித் தவணை அறுவடையை ஒட்டி வரும். ஊரெல்லாம் ஒரே சமயத்தில் சோளமும் கம்பும் ராகியும் சந்தைக்குக் கொண்டுபோனால் விலை என்ன ஆகும்? விழும். விழுந்த விலைக்கு விற்றுக் கிஸ்தி கட்டி, நான்கு மாதம் கழித்துத் தின்பதற்கே ஏறிய விலையில் அதே சோளத்தை வாங்க வேண்டும். அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு நிலம். சுல்தான் காலத்திலும் வரி கொடுமைதான். ஆனால் மழை பொய்த்தால் வசூல்காரனிடம் அழுது பேசி மிச்சம் வைக்கலாம். அவனால் முழுவதும் வசூலிக்கவும் முடியாது. கம்பெனியின் கணக்குப் புத்தகம் அழுகையைக் கேட்காது. வரி தாங்க முடியாத அளவு இருக்கிறது என்று பின்னால் வந்த அதிகாரிகளே ஒப்புக்கொண்டு குறைக்க வேண்டி வந்தது.

கட்ட முடியாதவனை என்ன செய்தார்கள்? சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க கம்பெனி சர்க்காரே ஒரு கமிஷன் போட்டு, 1855ல் அறிக்கை வெளியிட்டது. அதில் கிட்டி என்று வருகிறது: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நசுக்குவது. அண்ணாந்தாள் என்று வருகிறது: ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தி வைப்பது. பள்ளிக்கூட வாத்தியார் போடுகிற தண்டனையின் பெயர் வரி வசூலுக்கு வந்துவிட்டது. செய்தவர்கள் நம்மூர்ச் சேவகர்களே. "எங்களுக்குத் தெரியாது" என்றார்கள் துரைமார்கள். பணம் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் 1857ல், சிப்பாய்களின் கொடுமை என்று லண்டன் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த சமயத்தில், கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் எழுதினார். நம் குடியானவனின் நசுங்கிய விரல் அப்படி உலகத்துக்குத் தெரிய வந்தது.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. திப்பு விழுந்த அடுத்த வருஷமே, 1800 ஜூன் 3ஆம் தேதி, கோயமுத்தூரில் இருந்த கம்பெனிப் பட்டாளத்தைத் தாக்குவதற்குக் கொங்கு நாட்டுப் பாளையக்காரர்களும், திப்புவின் படையில் இருந்த முஸ்லிம் வீரர்களும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். அன்று மொகரம் பண்டிகை. பட்டாளத்தில் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள் பண்டிகையில் இருப்பார்கள் என்று பார்த்து நாள் குறித்தார்கள். அது முறிந்தது. 42 பேரைத் தூக்கிலே போட்டான் வெள்ளைக்காரன். ஒரே குற்றத்துக்கு, ஒரே கயிற்றில் இரண்டு மதத்தாரும் தொங்கினார்கள். சுல்தானின் படையோடு தொடர்பு வைத்திருந்த தீரன் சின்னமலை அதற்குப் பிறகும் காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் சண்டை போட்டார். அவரையும் சகோதரர்களையும் 1805 ஜூலை 31ஆம் தேதி நம் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அந்த மலைக்கோட்டையில் இன்றும் பெருமாள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது. ஏறிப் பார்க்காதவர்கள் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். காலையில் கிளம்புங்கள், வெயில் ஏறினால் படி சுடும்.

இனி தறிக்கு வருவோம். கம்பெனி நம் ஊருக்கு முதலில் வந்தது வரிக்காக மட்டும் அல்ல, துணிக்காகவும்தான். சேலத்தில் அவர்களுடைய வியாபார அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவன் வேறு வியாபாரிக்கு ஒரு முழம் விற்கக் கூடாது. விலையைச் சொல்வது அவர்கள், தரம் பார்ப்பது அவர்கள். துணி தாமதமானால் வீட்டு வாசலில் ஒரு சேவகனை உட்கார வைப்பார்கள். அந்தச் சேவகனுக்குப் படியும் நெசவாளிதான் கொடுக்க வேண்டும். தறிவரி மைசூர்க்காரன் காலத்திலும் இருந்தது. மொட்டர்பா என்ற பாரசீகப் பெயரிலேயே அதைக் கம்பெனியும் வாங்கிற்று. பிறகு 1813ல் கம்பெனியின் ஏகபோகம் உடைந்தது, 1833ல் அது வியாபாரத்தையே விட்டது. நெசவாளிக்கு விடுதலையா? மான்செஸ்டர் மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த சேவகன் எழுந்து போனான். பின்னாலேயே பட்டினி வந்து உட்கார்ந்தது. இன்று மில்லில் ஷிப்டு பார்க்கிற தோழர்களில் எத்தனை பேருடைய பாட்டன் வீட்டில் தறிக்குழி இருந்தது என்று கை தூக்கச் சொன்னால் தெரியும்.

இரும்புக் கதை இன்னும் சுவையானது. கஞ்சமலைத் தாதுவின் பெயர் உலகத்துக்கே தெரியும். மண் உலை கட்டி, ஆட்டுத்தோல் துருத்தி மிதித்து, கரிபோட்டு இரும்பு உருக்கிய குடும்பங்கள் நம் சீமையில் ஏராளம். அந்த இரும்புத் துண்டை ஆவாரங்குச்சியோடும் எருக்கிலையோடும் மண் மூசையில் வைத்து, வாயை அடைத்து, உலையில் போட்டால் உருக்கு வரும். புத்தகம் பார்த்துச் செய்ததல்ல. கை அறிந்த வித்தை. உருக்கு என்ற நம் சொல்லிலிருந்தே வெள்ளைக்காரன் ஊட்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டான் என்று சொல்கிறவர்கள் உண்டு.

கம்பெனி உத்தியோகத்தை 1825ல் விட்டுவிட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற துரை இதை ஊன்றிப் பார்த்தார். கம்பெனியிடம் முன்பணம் வாங்கி, 1830ல் கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஏற்படுத்தினார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய அவருக்குத் தனி உரிமை. சேலத்துத் தாது அங்கே போயிற்று. அங்கிருந்து இரும்பு இங்கிலாந்துக்குப் போயிற்று; வேல்ஸ் நாட்டில் கட்டிய பிரிட்டானியா பாலத்தில் அந்த இரும்பு இருக்கிறது என்று பழைய அரசுப் பதிவுகள் சொல்கின்றன. கரிக்குக் காடு வெட்டினார்கள். காடு குறையக் குறையக் கரி விலை ஏறிற்று. ஆலை நஷ்டத்தில் ஓடி, கை மாறி, 1860களில் படுத்துவிட்டது. ஹீத் துரை அதற்குள் இங்கிலாந்து போய், மாங்கனீசு சேர்த்து உருக்கு செய்யும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் அவர் முறையையே எடுத்துக்கொண்டு, அவருக்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றினார்கள். வழக்காடி வழக்காடி 1851ல் நொடித்துப்போய் இறந்தார். முதலாளி முதலாளிக்கே இரக்கம் காட்டவில்லை பாருங்கள். 1882ல் வந்த சென்னை வனச் சட்டம் ஏழைக் கருமானுக்குக் கரியைத் தடுத்தது. பரங்கிப்பேட்டைக்குக் காடு போனபோது அந்தச் சட்டம் எங்கே இருந்தது?

கஞ்சமலைத் தாதுவை நம் ஊரிலேயே உருக்க வேண்டும் என்று ஜனங்கள் வெகுநாள் கேட்டார்கள். 1970ல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, உண்மை. ஆனால் மலை அப்படியே நிற்கிறது.

தோல் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை நம் ஜில்லாவில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துத் தோல் கிடங்குகளில் முஸ்லிம் வியாபாரிகள் பெரிய கை. தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் பதனிட்டவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். பட்டை உரித்து விற்றவர்கள் மானாவாரிக் காட்டுப் பெண்கள். சென்னையில் ஏற்றுமதி செய்தது வெள்ளைக்காரக் கம்பெனி. இதில் முஸ்லிம் முதலாளி எங்கே நிற்கிறார்? தொழிலாளிக்கு மேலே, வெள்ளைக்காரனுக்குக் கீழே. அதே கிடங்கில் தண்ணீரில் நின்று கால் வெந்துபோன முஸ்லிம் தொழிலாளியும் இருந்தான். முதலாளியும் அவனும் வெள்ளிக்கிழமை ஒரே வரிசையில் நின்று தொழலாம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது வரிசை வேறு.

இப்போது தாது வருஷப் பஞ்சம். 1876ல் மழை பொய்த்தது. ரயில் இருந்தது, சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரையில் பேப்பூர் வரை 1862லேயே பாதை போட்டு முடித்திருந்தார்கள். (நாமக்கல் ஊருக்கு ரயில் வந்தது 2013ல் என்பதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.) ரயிலில் தானியம் வந்தது, ஆனால் வாங்கக் காசு இல்லை. நெசவாளிக்கு வேலை நின்றது, கூலிக்காரனுக்குக் காடு காய்ந்தது. பட்டா உள்ளவன் நிலத்தை விற்றான். விற்க ஒன்றும் இல்லாதவன் முதலில் செத்தான். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினி பட்டம் சூட்டினார். அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. அது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் அன்றைக்கே வாதாடினார்.

சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கில் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். 1881 கணக்கில் 15 லட்சத்து 99 ஆயிரம். பத்து வருஷத்தில் பெருக வேண்டிய ஜனம், 3 லட்சத்து 67 ஆயிரம் குறைந்தது. இதில் செத்தவர்கள் உண்டு, ஊரை விட்டு ஓடியவர்கள் உண்டு. கங்காணி பின்னால் நடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். நேட்டால் கரும்புக் காட்டுக்கு 1860லேயே ட்ரூரோ என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து போய்விட்டது. அந்தக் கணக்கில் இந்துப் பிணம் இத்தனை, முஸ்லிம் பிணம் இத்தனை என்று பிரித்துப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

பஞ்சம் ஓய்ந்து நாலு வருஷம் ஆகவில்லை. 1882ல் சேலம் நகரத்தில் கலவரம். காரணம் என்ன? மசூதிக்கு முன்னால் மேளத்தோடு ஊர்வலம் போவதா, கூடாதா என்ற தகராறு. எலும்பும் தோலுமாய் மிஞ்சிய ஊர் அது. வீடு எரிந்தது, உயிர் போயிற்று, மசூதி இடிந்தது. மேளத்துக்கு வழி எது, தொழுகைக்கு நேரம் எது என்று ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் அரை நாளில் தீரக்கூடிய விஷயம். துரைத்தனம் பிறகு என்ன செய்தது? கண்டவனைப் பிடித்தது, பொய்ச்சாட்சி சேர்த்தது, தீவாந்தரம் அனுப்பியது. அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த வக்கீல் சி. விஜயராகவாச்சாரியாரும் கலவரத்தைத் தூண்டினார் என்று பத்து வருஷத் தண்டனை பெற்றார். அவர் மேல் கோர்ட்டுக்குப் போய்க் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். 1920ல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் அவரே. அந்தமானுக்குப் போன ஏழைகளுக்காகவும் அவர் விடாமல் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார். அது அவருக்குப் பெருமை. ஆனால் அந்த ஏழைகளின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? மசூதியை இழந்து, கடையை இழந்து, ஊர் நடுவே பயந்து வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

1965ல் தருமபுரி பிரிந்து தனி ஜில்லாவாயிற்று, 1997ல் நாமக்கல் பிரிந்தது. இன்று நாமக்கல்லில் கோழிப்பண்ணை, லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டில் போர் வண்டி. அந்தப் பட்டறைகளில் காசிமும் இருக்கிறான், கந்தசாமியும் இருக்கிறான். ஒருவன் வெல்டு வைக்க மற்றவன் தகடு பிடிக்கிறான். சாயந்திரம் டீக்கடையில் யாரோ ஒரு ஆள் வந்து, "திப்பு உன் கோயிலை என்ன செய்தான் தெரியுமா?" என்று கந்தசாமியிடம் காதில் ஓதுகிறான். கந்தசாமி திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிவிடுகிறோம்: "அது கிடக்கட்டும் அண்ணே, 1792ல் என் பாட்டன் உழுத வயலை யார் பேருக்கு எழுதினார்கள்?"

நேரம் ஆகிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் இருங்கள், உங்கள் ஊர்க் கோட்டை, ஏரி, மிட்டா இவற்றைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டது ஏதாவது இருந்தால் இப்போது எழுந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்ள நோட்டு கொண்டு வந்திருக்கிறோம்.